ஓவனுக்குப் போகும் இன்னொரு வழி

அத்தியாயம் 9

"கழட்டியாச்சுன்னு சொன்னேன்ல. இன்னும் எத்தனை வாட்டி கேப்ப?"

இசக்கிதுரை சட்டைப் பொத்தானைப் போட்டபடியே சொன்னான். தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை.

"இல்லண்ணே, இன்னைக்கு ரத்னா மேடம் வாராங்க. ஒவ்வொரு பேனலா திறந்து பாப்பாங்க. அதான் கேட்டேன்."

"பாக்கட்டும். அதுக்குத்தான அரசாங்கம் சம்பளம் குடுக்கு."

பாண்டிச்செல்வி சாப்பாட்டு டப்பாவை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். உள்ளேயிருந்து லீலா குரல் கொடுத்தாள்.

"செல்வி, சாயங்காலம் வரச்சொல்ல கொத்தமல்லி வாங்கினு வா. ஸ்கேனுக்குப் போய்ட்டு வந்தா என்னால கடைக்கெல்லாம் போவ முடியாது."

"சரி மதினி."

இதுவரை நடந்ததைக் கொஞ்சம் சொல்லிவிடலாம். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து முதலில் இந்தப் பக்கம் வந்தவன் இசக்கிதுரை. டிப்ளமோ முடித்த கையோடு வந்தான். தொழிற்சாலைகளின் கன்ட்ரோல் பேனல் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் ஒரு சின்ன கான்ட்ராக்ட் கம்பெனியில் சேர்ந்தான். ஒரகடம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண் லீலாவை விரும்பிக் கல்யாணம் செய்தான். இரண்டு வீட்டுப் புகைச்சலும் அடங்கியபின் தங்கையையும் வரவழைத்து, கார்களுக்கு பம்பர் செய்து பெயின்ட் அடித்து அனுப்பும் ஒரகடத் தொழிற்சாலை ஒன்றில் மெயின்டனன்ஸ் வேலையில் சேர்த்துவிட்டான். மூவரும் ஸ்ரீபெரும்புதூரில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள்.

அந்தத் தொழிற்சாலையில் பெயின்ட் அடித்த பம்பர்கள் ஊர்ந்து போய்க் காய்வதற்கு நீளமான கேஸ் அடுப்பு ஒன்று உண்டு. ஓவன் என்பார்கள். எப்போது எரிய வேண்டும், எவ்வளவு சூடு வேண்டும் என்பதையெல்லாம் பேனலுக்குள் இருக்கும் சின்னக் கணினி பார்த்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவன் நின்றுபோனால் இசக்கிதுரைக்கு போன் வரும். அலைந்து அலுத்துப்போன இசக்கிதுரை, ஒருநாள் அந்தப் பேனலுக்குள் ஒரு ரூட்டரையும் இன்டர்நெட் டேட்டா கார்டையும் செருகிவிட்டு வந்தான். அன்றிலிருந்து வீட்டில் உட்கார்ந்தபடியே ஓவனைச் சரிசெய்தான். வலது கை சோற்றைப் பிசையும், இடது கை லேப்டாப்பில் எதையோ தட்டும், ஒரகடத்தில் ஓவன் எரியும். பாண்டிச்செல்விக்கு அப்போது அண்ணனை நினைத்துப் பெருமையாக இருந்தது.

பெருமை போனது பயிற்சிக்குப் போன பிறகுதான். தொழிற்சாலை இயந்திரங்களை இயக்கும் கணினிகளுக்குள் வெளியாட்கள் நுழையாமல் காப்பது எப்படி என்று மத்திய அரசு செலவில் தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியில் வகுப்பு நடத்தினார்கள். தொழிற்சாலைக்கு ஒருவரை அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது. லைனிலிருந்து யாரையும் விட முடியாது என்று புரொடக்ஷன் மேனேஜர் நம்பிராஜன் பாண்டிச்செல்வியை அனுப்பிவைத்தார்.

முதல் நாளே ஒரு தண்ணீர்த் தொட்டியையும் பம்பையும் காட்டினார்கள். அடுத்த அறையில் உட்கார்ந்திருந்த ஒருவர் இன்டர்நெட் வழியாக உள்ளே வந்து, தொட்டி காலியான பிறகும் பம்பை ஓடவிட்டார். திரையில் மட்டும் தொட்டி நிறைந்திருப்பதாகவே தெரிந்தது. பம்ப் சூடேறிப் புகைந்து நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். பாண்டிச்செல்வி தட்டவில்லை. அன்று இரவே அண்ணனிடம் அந்த ரூட்டரைக் கழற்றச் சொன்னாள். தகராறு அங்கே தொடங்கியது.

இன்று பயிற்சியின் கடைசி நாள். பயிற்சி பெற்றவர் தன் தொழிற்சாலைக்கே ஆசிரியரை அழைத்துப்போய், இயந்திரங்களுக்கு வெளியிலிருந்து வரும் வழி ஒவ்வொன்றையும் கண்டுபிடித்துக் காட்ட வேண்டும்.

ஆசிரியர் ரத்னா மேடம் தொழிற்சாலை கேட்டில் காத்திருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. பருத்திப் புடவை, காலில் தொழிற்சாலைக்கென்று தனியாக வாங்கிய ஷூ. செக்யூரிட்டி அவருடைய லேப்டாப்பைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பதற்குள் கம்பெனி பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் உள்ளே போய்விட்டார்கள்.

"இவ்வளவு சோதனை போடுறாங்க. நல்ல விஷயம்தான்" என்றார் ரத்னா. "ஆனா கேட் வழியா வர்றவங்களை மட்டும்தான் இவங்களால பார்க்க முடியும்."

பெயின்ட் கலக்கும் அறையின் பேனல், கம்ப்ரஸர் பேனல், கன்வேயர் பேனல் என்று வரிசையாகப் பார்த்தார்கள். எங்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. ஓரிடத்தில் யாரோ போன் சார்ஜ் போடுவதற்காகக் கணினியில் ஒயரைச் செருகி வைத்திருந்தார்கள். ரத்னா அதைப் படம் எடுத்துக்கொண்டார். ஓவன் பேனலுக்கு வந்தபோது சாப்பாட்டு நேரம் முடியும் தறுவாயில் இருந்தது. மதியம் ஓவனை அணைத்திருந்தார்கள். லைன் சத்தம் இல்லாததால் கூரை மின்விசிறிகளின் இரைச்சல் மட்டும் தனியாகக் கேட்டது.

பேனல் இரண்டு கதவுகள் உள்ளது. முன்கதவை ரத்னா திறந்தார். பின்கதவுக்குப் பாண்டிச்செல்வி போனாள்.

திறந்ததும் தெரிந்துவிட்டது. ஒயர்கள் போகும் பிளாஸ்டிக் குழாய்க்குப் பின்னால் சின்னதாக ஒரு பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. ரூட்டர் அப்படியே இருந்தது. டேட்டா கார்டும் இருந்தது. அண்ணன் கழற்றவில்லை.

அவளுக்குக் கோபம் வரவில்லை. காலையில் சட்டைப் பொத்தானைப் பார்த்தபடியே பேசினானே, அப்போதே தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றியது. ரத்னா மறுபக்கம் குனிந்து எதையோ படம் எடுத்துக்கொண்டிருந்தார். கையை நீட்டினால் எட்டும் தூரம். உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டால் ஓவனுக்கு ஒன்றும் ஆகாது, அண்ணன் வேலைக்கும் ஒன்றும் ஆகாது. மதினி வயிற்றில் குழந்தையோடு இருக்கிறாள்.

கை பாதிவரை போனது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் எதையும் பிடுங்காதே என்று வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். பிடுங்கிவிட்டால் வந்தவன் போன தடமும் போய்விடும்.

"மேடம், இங்க ஒண்ணு இருக்கு."

ரத்னா சுற்றி வந்து பார்த்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"யார் வெச்சதுன்னு தெரியுமா?"

"தெரியும் மேடம். எங்க அண்ணன்."

ரத்னா அவளை ஒருமுறை பார்த்தார். லேப்டாப்பைத் திறந்து ரூட்டரோடு இணைத்தார். திரையில் வரிகள் ஓடின. ஓரிடத்தில் நிறுத்தி, விரலை வைத்தார்.

"இன்னைக்குக் காலைல ஒருத்தர் உள்ளே வந்திருக்காங்க செல்வி. நாம கேட்ல நின்னுட்டு இருந்த நேரம். ஓவன்ல என்னத்தையோ மாத்தியிருக்காங்க. எதை மாத்தினாங்கன்னு பாருங்க, இது உங்க மெஷின்."

பாண்டிச்செல்வி பேனல் திரையில் ஓவனின் அளவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். சூடு சரியாக இருந்தது. வேகம் சரியாக இருந்தது. பர்ஜ் என்று எழுதியிருந்த இடத்தில் கண் நின்றது.

பர்னரைப் பற்றவைக்கும் முன்பு, உள்ளே தேங்கியிருக்கும் கேஸை மின்விசிறி ஊதி வெளியே தள்ள வேண்டும். அதற்கென்று சில நிமிடங்கள் உண்டு. அது முடிகிறவரை பொறி தட்டாது. அதைத்தான் பர்ஜ் என்பார்கள். சில நிமிடங்கள் இருந்த இடத்தில் இப்போது சில நொடிகள் இருந்தன.

அண்ணன் பயந்துபோய் தடத்தை அழிக்க உள்ளே வந்திருப்பானோ? வந்தவன் எதையாவது தட்டிக் கெடுத்துவிட்டானோ? அவள் மனம் அங்கேதான் போயிற்று. அதற்குள் சாப்பாட்டு நேரம் முடிந்ததற்கான மணி அடித்தது.

ஓவனின் அந்தக் கோடியில் ஆபரேட்டர் முப்பிடாதி நின்றான். அவளுடைய ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரன். தொப்பியை மாட்டிக்கொண்டு ஸ்டார்ட் பட்டனை நோக்கி நடந்துகொண்டிருந்தான்.

"முப்பிடாதி! அமுக்காத!"

கூரை மின்விசிறிகளின் இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை. பட்டனை அழுத்தினான். ஊதல் தொடங்கியது.

பாண்டிச்செல்வி ஓடினாள். பேனலிலிருந்து நாலெட்டில், தூணில் ஒரு சிவப்பு பட்டன் இருந்தது. ஆபத்துக்கென்று வைத்தது. உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். எல்லாம் நின்றது. லைன் முழுக்க ஆரஞ்சு விளக்குகள் சுழன்றன.

"என்ன செல்விக்கா, என்னாச்சு?" முப்பிடாதி திகைத்துப்போய் நின்றான்.

"கேஸ் டிடெக்டர் எங்க? எடுத்துட்டு வா."

கையில் பிடிக்கும் அந்தக் கருவியை ஓவன் வாயருகே அவன் நீட்டியதுதான் தாமதம், அது அலறத் தொடங்கியது. கேஸ் வால்வு கொஞ்ச நாளாகவே இறுக மூடுவதில்லை. மெயின்டனன்ஸ் ஆட்களுக்கு அது தெரியும். நிமிடக்கணக்கில் ஊதியதால் அத்தனை நாளும் கசிந்ததெல்லாம் வெளியே போயிற்று. இன்று போயிருக்காது. பொறி அதன் மேலேயே விழுந்திருக்கும்.

முப்பிடாதி டிடெக்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தான் நின்ற இடத்தையும் ஓவன் வாயையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு போய் ஒரு ஓரமாக உட்கார்ந்துவிட்டான்.

நம்பிராஜன் வேகமாக வந்தார். லைன் நின்றால் அவருக்கு முதலில் கார் கம்பெனியிலிருந்து போன் வரும்.

"யாரு ஸ்டாப் அமுக்குனது?"

"நான்தான் சார்" என்று பாண்டிச்செல்வி நடந்ததைச் சொன்னாள். ரத்னா லேப்டாப்பைக் காட்டினார். நம்பிராஜன் திரையைப் பார்த்தார், ரூட்டரைப் பார்த்தார், கடைசியாகப் பாண்டிச்செல்வியைப் பார்த்தார்.

"டேட்டா கார்டா? பேனலுக்குள்ளயா? எனக்கு ஒண்ணும் தெரியாதே. எவன் வெச்சது இதை?"

பாண்டிச்செல்வி அவர் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை நீங்கதான சார் எங்க அண்ணனுக்கு போன் பண்ணுவீங்க?"

"பண்ணேன். ஓவனைச் சரி பண்ணுன்னு சொன்னேன். இன்டர்நெட்ல பண்ணுன்னு சொன்னேனா? ஏம்மா, உங்க அண்ணன் செஞ்ச காரியத்துக்கு என் பேரை இழுக்கியா?"

"சார், அது அப்புறம்" என்றார் ரத்னா. "ஓவனை இப்ப எரிக்கக் கூடாது. இந்த பேனலை யாரும் தொடக் கூடாது. சாயங்காலம் வரைக்கும் நான் இங்கதான் இருக்கப்போறேன். உங்க மேலிடத்துக்கு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

நம்பிராஜன் போனை எடுத்துக்கொண்டு ஒதுங்கினார். அவர் பேசியது முழுதாகக் கேட்கவில்லை. இசக்கிதுரை என்ற பெயர் கேட்டது. கேட் பாஸ் என்றது கேட்டது. போலீஸ் என்றதும் கேட்டது.

சாயங்காலம் பாண்டிச்செல்வி வீட்டுக்குள் நுழையும்போதே செய்தி அவளுக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. கான்ட்ராக்ட் கம்பெனி முதலாளி அய்யாத்துரை போனில் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

இசக்கிதுரை சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். ஸ்கேன் எடுத்த உறை பிரிக்காமல் பக்கத்தில் கிடந்தது. லீலா நாற்காலியில் இருந்தாள். அவள்தான் ஆரம்பித்தாள்.

"இன்னா செல்வி, கொத்தமல்லி வாங்கினு வரச் சொன்னா, உங்கண்ணன் வேலைய காலி பண்ணிட்டு வந்துகீறியா?"

"மதினி..."

"ஒரு போன் பண்ணிக்கலாம் இல்ல? 'அண்ணே, மாட்டிகினு கீது, வந்து எடுத்துட்டுப் போ'ன்னு ஒரு வார்த்தை சொல்லிக்கலாம் இல்ல? இல்லன்னா நீயே புடுங்கி பையில போட்டுக்கக் கூடாதா? யாரு கேக்கப் போறா?"

"அதைத்தான் முதல்ல நெனச்சேன் மதினி."

லீலா அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை.

இசக்கிதுரை தலையைத் தூக்காமலே பேசினான். "கழட்டத்தான் போனேன். போன வாரம் டூல்ஸெல்லாம் எடுத்துட்டுப் போயி பேனலைத் திறந்துட்டேன். நம்பிராஜன் சார்தான் இந்த மாசம் முடியட்டும், டெலிவரி இருக்குன்னாரு. உங்கிட்ட சொன்னா நீ குதிப்ப. அதான் கழட்டிட்டேன்னு சொன்னேன்."

"அண்ணே, ஒண்ணு கேக்கேன். காலையில நீ ஓவனுக்குள்ள போனியா?"

"எங்க போனேனா?"

"லேப்டாப் வழியா. பர்ஜ் நேரத்தைக் குறைச்சிருக்கு. மதியம் முப்பிடாதி ஸ்டார்ட் அமுக்கிட்டான். உள்ள கேஸ் நின்னுச்சு."

இசக்கிதுரை இப்போதுதான் நிமிர்ந்தான். இந்தச் செய்தி அவனுக்கு வந்திருக்கவில்லை என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. அய்யாத்துரை டேட்டா கார்டைப் பற்றி மட்டும்தான் சொல்லியிருந்தார்.

"நான் பர்ஜைத் தொடுவேன்னு நெனைக்கியா? ஏட்டி, நீ நிக்க எடம் அது."

"அதான் கேக்கேன்."

"காலைலேந்து என்கூடத்தான் கீறாரு" என்றாள் லீலா. குரலில் இப்போது சண்டை இல்லை. "ஸ்கேன் எடுக்குற எடத்துல என் பைய வெச்சிகினு உக்காந்துனு இருந்தாரு. லேப்டாப் இங்கதான் கட்டில் மேல கெடந்துச்சு. நானே வந்து எடுத்து வெச்சேன்."

வெளியே யாரோ தண்ணீர்க் குடத்தை நங்கென்று வைத்தார்கள்.

"அப்ப பாஸ்வேர்டு வேற யாருக்குண்ணே தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. நான் யாருக்கும் குடுக்கல. அய்யாத்துரை சாருக்குக்கூடத் தெரியாது."

"நீ வச்ச பாஸ்வேர்டா? இல்ல ரூட்டர் வாங்கும்போதே வந்ததா?"

இசக்கிதுரை லேப்டாப் இருந்த பக்கம் பார்த்தான். ரூட்டரோடு வந்த பாஸ்வேர்டு அப்படியேதான் இருந்தது. அந்த மாடல் ரூட்டர் அத்தனைக்கும் அதே பாஸ்வேர்டுதான். இன்டர்நெட்டில் தேடினால் யாருக்கும் கிடைக்கும். மாற்ற வேண்டும் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. அப்போது அவசரம். அதற்குப் பிறகு அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகிற ஒன்றில் யார் கைவைப்பார்கள்?

"எவன்னே தெரியாது அப்ப" என்றான் மெதுவாக. "எங்கேருந்துன்னும் தெரியாது. எத்தனை நாளா வந்து போறான்னும் தெரியாது."

"ரத்னா மேடம் இன்னும் பிளான்ட்லதான் இருக்காங்க. நீ வந்து சொல்லணும்ணே. எப்ப வச்ச, எப்படி வச்ச, எப்பெல்லாம் உள்ள போன, எல்லாத்தையும். நீ போன நேரத்தைக் கழிச்சாத்தான் அந்த இன்னொருத்தன் போன நேரம் தெரியும்."

"போலீஸ் கம்ப்ளைன்ட்டுன்றாங்க" என்றாள் லீலா. "இவுரே போய் நேரா நிக்கணுமா? இன்னா பேசுற நீ?"

போலீஸ் வராது என்று பாண்டிச்செல்வியால் சொல்ல முடியாது. அண்ணனை உள்ளே வைத்தால் இந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதை மதியத்திலிருந்தே அவள் நினைக்காமல் ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

லீலா வயிற்றின் மேல் கையை வைத்தபடி கேட்டாள்.

"அது பத்திகினு இருந்தா, அங்க யாரு நின்னுனு இருந்திருப்பா?"

"முப்பிடாதி. அவனுக்கு இந்தப் பக்கம் பம்பர் மாட்டுற பொண்ணுங்க. பேனல்கிட்ட நானும் மேடமும்."

லீலா எழுந்தாள். எழுவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. ஆணியில் தொங்கிய பைக் சாவியை எடுத்துக் கணவனின் மடியில் போட்டாள்.

"போய்ட்டு வாங்க. அங்க அவ மொதல்ல பேசட்டும். நீங்க கோவத்துல அந்த மேனேஜரை எதுனா சொல்லி வெக்காதீங்க."

இசக்கிதுரை சாவியைக் கையில் எடுத்துப் பார்த்தான். பிறகு எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். தங்கையைப் பின்னால் உட்காரவைத்து பைக்கை எடுத்தான். லாரிகளுக்கு இடையில் அவன் எப்போதையும்விட நிதானமாக ஓட்டினான்.

கேட்டில் நிறுத்திவிட்டார்கள். வரும்போதெல்லாம் அவனைப் பார்த்துச் சிரிக்கிற அதே செக்யூரிட்டி, இன்று பட்டியலைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"உன் பாஸை நிறுத்திட்டாங்க தம்பி. உள்ள வுட்டா என் வேலை போய்டும். கோச்சிக்காத."

"பரவாயில்லண்ணே. நான் ரோட்லயே நிக்கேன்."

பாண்டிச்செல்வி மட்டும் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் ரத்னாவோடு திரும்பி வந்தாள். எதிரே ஒரு டீக்கடை. மூவரும் அதன் ஓரத்தில் போட்டிருந்த பெஞ்சுக்குப் போனார்கள். ரத்னா உட்கார்ந்தார். இசக்கிதுரை நின்றுகொண்டே இருந்தான்.

ஷிஃப்ட் மாறும் நேரம். ரோடு முழுக்கக் கம்பெனி பஸ்கள். ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் அந்தந்தக் கம்பெனியின் பெயர்ப் பலகை.

"எங்க தங்கச்சி சொன்னது நெசம் மேடம்" என்று தொடங்கினான் இசக்கிதுரை. "வச்சது நான்தான். பாஸ்வேர்டை மாத்தாம விட்டதும் நான்தான். பர்ஜை நான் தொடல. இன்னைக்கு உள்ளயே போகல. நம்பிராஜன் சாருக்குத் தெரியும், ஆனா அவரு சொல்லி நான் வைக்கல. அதையும் சொல்லிடுதேன்."

பாண்டிச்செல்வி அண்ணனைப் பார்த்தாள். அந்தக் கடைசி வார்த்தையை அவன் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

"நீங்க உள்ளே போன நேரமெல்லாம் ஞாபகம் இருக்குமா?" என்று கேட்டார் ரத்னா.

"ஞாயித்துக்கிழமைங்கதான். மத்த நாள்ல போனதில்ல."

"அப்படீன்னா உங்களைத் தவிர இன்னொருத்தர் ரொம்ப நாளா வந்துட்டிருக்கார். வாரநாள்ல. சும்மா வந்து பார்த்துட்டுப் போயிருக்கார். இன்னைக்குத்தான் முதல் தடவையா கை வெச்சிருக்கார்." ரத்னா டீயை ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸை வைத்தார். "இவர் உங்களைத் தேடி வரலை. இந்த ஓவனையும் தேடி வரலை. திறந்து கிடக்கிற ரூட்டரைத் தேடி வந்திருக்கார். அதனால இப்ப நான் கேக்கிறதுக்கு யோசிச்சு பதில் சொல்லணும்."

"கேளுங்க மேடம்."

"இதே ரூட்டர், இதே பாஸ்வேர்டு. வேற எந்தெந்த கம்பெனில வெச்சிருக்கீங்க?"

இசக்கிதுரை தங்கையைப் பார்த்தான். பாண்டிச்செல்வி அந்தக் கேள்வியை அதுவரை ஒருமுறைகூடத் தனக்குள் கேட்டுக்கொண்டதில்லை. அண்ணன் வேலை பார்ப்பது தன் தொழிற்சாலையில் மட்டுமல்ல என்பது அவளுக்குத் தெரியும். மறைமலை நகர் வரைக்கும் அவன் பைக் போகாத கேட் கிடையாது.

டீக்கடையைத் தாண்டி ஒரு வெள்ளை பஸ் போயிற்று. உள்ளே ஷிஃப்ட் முடிந்தவர்கள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இசக்கிதுரை கையை நீட்டி அதைக் காட்டினான்.

"அது."

அதன் பின்னாலேயே நீலக்கோடு போட்ட பஸ் ஒன்று வந்தது. நீட்டிய கையை அவன் இறக்கவில்லை.

"அதுவும் மேடம். அங்க பாய்லர்ல வச்சிருக்கு."

ரத்னா பெஞ்சிலிருந்து எழுந்து போனை எடுத்தார். ரோட்டின் வளைவில் அடுத்த பஸ்ஸின் விளக்கு தெரிந்தது. பாண்டிச்செல்வி அதன் பெயர்ப் பலகையைப் படிக்கவில்லை. அண்ணனின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.